ஐயோ மேஸ்திரியும் நாற்பதுக்கு மேல் வரும் சத்தமும்

பயந்தாங்கொள்ளிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். முகம் மழிக்கும்போது கண்ணாடியில் தினமும் ஒருவரைப் பார்க்கிறேன். ஆனால் பரங்கிமலையிலிருந்து செங்கல்பட்டு வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் ஐயோ மேஸ்திரியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி அகப்படமாட்டார். அவர் பேய்க்குப் பயப்படவில்லை, போலீஸுக்குப் பயப்படவில்லை, பெண்டாட்டிக்குக்கூட ஓரளவுதான் பயந்தார். நாலு சக்கரத்தில் ஓடும் எதைக் கண்டாலும் மட்டும் அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அவருடைய தொழிலோ வண்டி ரிப்பேர்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு மரக்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே அவருடைய ஷெட் இருந்தது. எண்பதுகளின் கடைசி. இன்ஜின் வேலை, கியர்பாக்ஸ் வேலை எதையும் தொடமாட்டார். காரணம் கேட்டால் சொல்வார்:

"அதெல்லாம் பேஜார் பண்ணா வண்டி நின்னுடும், அவ்ளோதானே. எறங்கித் தள்ளிகினு போ. முன் சக்கரம் கயண்டுகிச்சுன்னா யாரு சார் எறங்குறது?"

ஆகையால் முன் சக்கரம், அதைத் தாங்கும் பட்டை, அதை ஸ்டியரிங்கோடு இணைக்கும் கம்பிகள், இவற்றிலிருந்து வரும் சத்தம் மட்டுமே அவர் வைத்தியம் பார்க்கும் வியாதி. சத்தம் காதில் விழுந்ததும் முதலில் "ஐயோ" என்பார். பெயர் அப்படித்தான் வந்தது. சின்ன ஐயோ என்றால் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் இழுத்தால் பேரிங். கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, மூச்சு தீரும்வரை இழுத்தால் கிங் பின். சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் அந்த இரும்புக் குச்சி போய்விட்டால் சக்கரம் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எங்களுக்கெல்லாம் விளக்கியவர் அவர்தான். விளக்கிய பிறகு எங்களில் ஒருவரும் நிம்மதியாக வண்டி ஓட்டியதில்லை.

அவரிடம் வண்டி காட்டுவதற்குக் கரண்ட் போக வேண்டும். பக்கத்து மாவு மில் ஓடும்போது அந்தத் தெருவில் இடி விழுந்தாலும் கேட்காது. எனவே, தாம்பரமே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேஸ்திரியின் ஷெட்டில் மட்டும் பரபரப்பாக இருக்கும். நாலைந்து வண்டிகள் காலையிலிருந்தே காத்துக்கிடக்கும். மில் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும். "போச்சு, போச்சு, மொத வண்டியத் தூக்கு" என்று ஜாக்கியை உருட்டிக்கொண்டு ஓடுவார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் கண்டால், பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுவார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் அந்த நீள ஐயோ. கரண்ட் வந்துவிட்டால் பாதியில் எழுந்து போய் டீ குடிப்பார். மில்காரர் அண்ணாச்சி நல்ல மனிதர், அவசரம் என்றால் ஐந்து நிமிடம் தாமே மில்லை நிறுத்தித் தருவார்.

ஜாக்கி வைப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. சத்தம் எப்படி வருகிறது என்று வண்டிக்காரர் வாயால் போட்டுக் காட்ட வேண்டும். இதில் பெரியவர் சின்னவர் பேதமில்லை. ஒருநாள் ஒரு கல்லூரிப் பேராசிரியர் டை கட்டிக்கொண்டு வந்து, "எ கைண்ட் ஆஃப் மெட்டாலிக் நாய்ஸ்" என்று ஆரம்பித்தார்.

"இங்கிலீஸ்ல வாணாம் சார். வண்டி எப்டிப் போடுதோ அப்டியே போடு."

பேராசிரியர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மெல்ல, "லொடக்" என்றார்.

"பள்ளத்துல எறங்கசொல்லவா, ஏறசொல்லவா?"

"இறங்கும்போது லொடக். ஏறும்போது லொடலொடக்."

"கரெக்டா சொல்லு சார், உசுரு சமாச்சாரம்."

அவர் கால் மணி நேரம் லொடக்கிக்கொண்டிருந்தார். மில்லில் மிளகாய்த்தூள் அரைக்க வந்த பெண்களெல்லாம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் ஜாக்கி வைத்துப் பார்த்தபோது, மேஸ்திரி சொன்ன இடத்தில்தான் பட்டையைப் பிடிக்கும் புஷ் பொடிப்பொடியாக இருந்தது. பேராசிரியர் அன்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மேஸ்திரி எந்த வண்டியிலும் ஏறமாட்டார். இரும்புலியூர் வீட்டிலிருந்து ஷெட்டுக்கு நடைதான். மின்சார ரயிலில் மட்டும் தைரியமாக ஏறுவார். "அதுக்கு ஸ்டியரிங்கே இல்ல சார். தண்டவாளம் இன்னா சொல்லுதோ அதான்" என்பார். வேலை முடிந்த வண்டியைச் சோதிக்கவும் ஏறமாட்டார். பெருங்களத்தூர் ரயில்வே கேட்டுக்கு நாம் வண்டியை ஓட்டிப் போக வேண்டும், அவர் நடந்தே வந்து சேருவார். தண்டவாளங்களைச் சக்கரம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும்போது ரோட்டோரமாகக் குந்தி, காதில் கை குவித்துக் கேட்பார். ஒருமுறை அப்படிக் குந்தியிருந்தவரைப் பார்த்து ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். எதையோ தொலைத்துவிட்டார் பாவம் என்று தாங்களும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள்.

"இன்னா பெருசு, இன்னாத்தத் தேடுற?"

"சத்தத்தத் தேடுறேன்பா. கம்முனு இரு."

பம்மலில் ஒரு சாவுக்காக வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பஸ்ஸில் ஏறினார். பல்லாவரம் தாண்டுவதற்குள் எழுந்து நின்று, "ஐயோ" என்றார். கண்டக்டர் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லபா, எதுவோ லூசு, நான் எறங்கிக்கிறேன்" என்றார். அவர் அதைச் சொன்ன முகத்தைப் பார்த்துப் பதினோரு பேர் கூடவே இறங்கிவிட்டார்கள். பஸ் ஒரு குறையும் இல்லாமல் பம்மல் போய்ச் சேர்ந்தது. முன் சீட்டுக்கு அடியில் யாரோ வைத்திருந்த பால் கேனின் மூடிதான் ஆடியிருக்கிறது. மேஸ்திரி தோற்றுவிட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. "எதுவோ லூசுன்னுதானே சொன்னேன். லூசாத்தானே இருந்திச்சி" என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இன்று உங்களுக்கு வாராவாரம் கட்டுரை எழுதித் தொல்லை கொடுக்கும் நான் அன்று முட்டை வியாபாரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் பையன்களின் பரீட்சைத் தாளில் போட்ட முட்டைகளையெல்லாம் நான் பிக்கப்பில் ஏற்றி விற்கிறேன் என்று சர்ச் வாசலில் எல்லாரும் கேலி செய்வார்கள். முடிச்சூருக்கு அப்பால் இருந்த பண்ணையில் ஏற்றி, காலை ஏழு மணிக்குள் பம்மல், அனகாபுத்தூர் கடைகளில் இறக்க வேண்டும். வண்டி எனக்கு முன்னால் மூன்று பேரிடம் அடிபட்ட பழைய பிக்கப். எனக்கு வயது இருபத்தாறு. அறுபதுக்குக் கீழே ஓட்டுவது ஆண்மைக்கு இழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மெதுவாகப் போகச் சொல்வார். மனைவி எஸ்தர் சொல்வாள். மேஸ்திரி பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "முட்ட சார், கொஞ்சம் நெதானமா போ சார்." நான் சிரித்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முட்டை உடையும். அதை நாங்கள் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுவிடுவோம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் இடது முன் சக்கரத்திலிருந்து 'டொக்' என்றது. மேஸ்திரியிடம் போய் வாயால் போட்டுக் காட்டினேன். அண்ணாச்சி மில்லை நிறுத்தினார். ஜாக்கி ஏறியது. சக்கரத்தை ஆட்டினார். பிரேக் மிதித்தேன், மறுபடி ஆட்டினார். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, அவர் இழுத்த ஐயோ மரக்கடைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"இதுலயா சார் இத்தினி நாளா பறந்துகினு இருந்தே?"

அன்று பிடித்தது எனக்குப் பயம். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அசைந்ததெல்லாம் கிங் பின் ஆகிவிட்டது. வீட்டு ஃபேன் 'டக்' என்றால் எழுந்து உட்கார்ந்தேன். சர்ச்சில் ஆர்மோனியப் பெட்டியின் கால் கிறீச்சிட்டதற்கு ஜெபத்தின் நடுவே "ஐயோ" என்று சொல்லி அப்பாவிடம் முறைப்பு வாங்கினேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எஸ்தருக்கு ஏழாம் மாதம். தலைப் பிரசவத்துக்கு மதுராந்தகத்தில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். பெரியவர்கள் கூடிச் சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டார்கள். பஸ்ஸில் இடிபட்டுப் போகமாட்டேன், நம்ம வண்டியிலேயே போகலாம் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். கிங் பின்னை மாற்றப் புதன்கிழமை வண்டியைக் கொண்டுபோனபோது மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ண இதுலயா இஸ்துகினு போப்போறே?"

"ஆமா மேஸ்திரி."

இம்முறை அவர் ஐயோ சொல்லவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். "வெள்ளிக்கெயம வா" என்றார். இரண்டு நாள் முட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

வெள்ளிக்கிழமை போனபோது இரண்டு பக்கக் கிங் பின், பேரிங், புஷ் எல்லாம் புதிது. கழற்றிய பழைய சாமான்களை ஒரு சாக்கில் போட்டு, இறந்தவர்களை அடையாளம் காட்டுவது மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் முடிச்சூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. முள் நாற்பதைத் தொட்டது. இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம். டக். டக். டக்.

காலை எடுத்தேன். நின்றது. மறுபடி நாற்பது. டக்.

திரும்பி வந்து சொன்னேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னான்னு எனக்குத் தெரியல சார்."

"என்ன மேஸ்திரி சொல்றீங்க?"

"தெரியல. எல்லாம் பாத்துட்டேன், புரியல. நாப்பதுக்குக் கீய போனா ஒண்ணியும் ஆவாது. மேல போனா நான் பொறுப்பில்ல."

மாவு மில் வாசலில் நின்றிருந்த அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சட்டென்று உள்ளே போய்விட்டார். சவ ஊர்வலத்தில் போகிறவனைப் போல நான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பால் கேன் மூடி ஆடியதைக்கூடப் பிடித்த காது அது. அந்தக் காதுக்கே தெரியாத சத்தம் என்றால் அது எப்பேர்ப்பட்ட வியாதியாக இருக்க வேண்டும். வேறு மெக்கானிக்கைப் பார்க்க நேரமில்லை. எஸ்தரிடம் சொல்லவும் தைரியம் இல்லை.

சனிக்கிழமை காலை அவள் சீட்டில் தலையணை வைத்து உட்கார்ந்தாள். பின்னால் மாமியாருக்கென்று இரண்டு அட்டை முட்டை. தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் வரை முப்பத்தெட்டிலேயே ஓட்டினேன். லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போயின. வண்டலூரில் ஒரு டிராக்டர் எங்களை முந்தியது. எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, இந்த ஸ்பீடுல போனா நம்ம பிள்ளையை வழியிலேயே ஸ்கூல்ல சேர்த்துட்டுத்தான் போகணும்."

"காத்து வாங்கிட்டே போகலாம்னு பார்த்தேன்."

அவள் நம்பவில்லை. என் நெற்றியில் வழிந்த வேர்வையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். பாலாற்றுப் பாலம் வந்தது. கைப்பிடிச் சுவர் என் முட்டி உயரம்தான் இருக்கும்போலத் தெரிந்தது. சரிவில் முள் தானாக நாற்பதைத் தொட்டுவிட, டக் என்றது. நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த பைபிள் சங்கீதத்தையெல்லாம் வாய்க்குள் சொன்னேன். இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் எப்போதும் மறந்துபோகும் வரி அன்று தடையில்லாமல் வந்தது.

படாளம் தாண்டி ஒரு திருப்பம். ஓரமாக ஒரு லாரி நின்றிருந்தது. அதன் மறைவிலிருந்து கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று நடு ரோட்டுக்கு வந்துவிட்டது. என் உயிரெல்லாம் காலுக்கு வந்து பிரேக்கில் நின்றது. வண்டி இழுத்துக்கொண்டு போய், போய், நின்றது. ஒரு கரும்பின் நுனி எஸ்தருக்கு நேரே கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டிக்கொண்டு அவர்பாட்டுக்குப் போனார்.

எஸ்தர் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். "உதைக்குது" என்றாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு அட்டையில் ஒரே ஒரு முட்டை உடைந்திருந்தது. அறுபதில் வந்திருந்தால் என்று நினைக்க ஆரம்பித்து, நினைக்க முடியாமல் நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் மதுராந்தகத்தில் எங்கள் மகள் பிறந்தாள். எஸ்தரை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய அன்றே நான் மேஸ்திரியிடம் ஓடி, அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் தெரியல சார்" என்றார். அடுத்த மாதமும் தெரியவில்லை. அடுத்த வருஷமும் தெரியவில்லை. அந்தக் காதுக்கே தெரியாததை வேறு யாரிடம் காட்டுவது? இரண்டு வருஷம் நான் நாற்பதைத் தாண்டவில்லை. முட்டை உடைவது நின்றுபோய், வீட்டில் ஆம்லெட்டுக்கே பஞ்சம் வந்தது. கடைக்காரர்கள் என்னை மாட்டு வண்டி என்று கூப்பிட்டார்கள். பயந்தவனுக்கு ரோஷம் ஏது, பேசாமல் இருந்தேன்.

அப்புறம் ஒரு மழைக்காலம் முடிந்து இடது மட்கார்டு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. குரோம்பேட்டையில் தகர வேலை செய்யும் ஒரு டிங்கரிடம் விட்டேன். தகரத்தை வெட்டிய டிங்கர் உள்ளே கையை விட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், வண்டிக்கு லோலாக்கு மாட்டி வச்சிகீற?"

டியூப் ரப்பரை நாடாவாக நறுக்கி, அதில் ஒரு பெரிய நட்டைக் கோத்து, மட்கார்டுக்குள் தொங்கவிட்டிருந்தது. வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போய் அதிரும்போது அது ஆடித் தகரத்தில் இடிக்கும். டக். அந்த முடிச்சை எனக்குத் தெரியும். மேஸ்திரி சாக்குக் கட்டுவதும் அப்படித்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு வருஷம் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். நட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி ஷெட்டுக்குப் போனேன். மில் முழங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஐயோதான், சின்ன ஐயோ.

மில் நின்றது. அண்ணாச்சி மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"திட்டுறதா இருந்தா என்னையும் சேர்த்துத் திட்டுங்க தம்பி. நான்தான் வண்டிய ஓட்டுனேன்."

"எந்த வண்டிய?"

"உங்க வண்டியத்தான். நீங்க மதுராந்தகம் போறதுக்கு முன்னால, அந்த வியாழக்கிழமை. ரப்பர் நீளம் கரெக்டா இருந்தாத்தான் நாப்பதுல சத்தம் வருமாம். ஏழு தடவ முடிச்சூருக்குப் போயிட்டு வந்தோம். ஒவ்வொரு தடவையும் எறங்கி ரப்பர நறுக்குவாரு, மறுபடி ஏறுவாரு. கண்ண இறுக்க மூடிக்கிட்டு, ஒரு கையால கதவு, ஒரு கையால என் தொடை. அவர் புடிச்ச எடத்துல ஒரு வாரம் கன்னிப்போய்க் கெடந்துச்சு."

"யாரு ஏறுனாரு?"

"இவருதான்."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நட்டைக் கீழே இறக்கிக்கொண்டு கேட்டேன், "என்கிட்ட மெதுவா ஓட்டுன்னு சொல்லியிருக்கலாமே மேஸ்திரி."

"சொன்னேனே சார். எத்தினி வாட்டி சொன்னேன். உங்க அப்பாரு சொல்லியே நீ கேக்கல. வண்டி சொன்னா கேப்பேன்னு நெனச்சேன்."

"அண்ணாச்சி மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கலாம். நீங்க எதுக்கு ஏறினீங்க?"

"அவுரு காது மில்லுக் காது. அதுக்கு இன்னா கேக்கும்." ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "அப்பால, அது அந்தப் பொண்ணு ஒக்காரப்போற சீட்டு. நான் ஒக்காந்து பாக்காம எப்டி சார் குடுப்பேன்?"

"பயமா இல்லையா?"

"இல்லாத பின்ன. ஏயாவது வாட்டி எறங்கசொல்ல காலே நிக்கல. அண்ணாச்சிதான் வூட்டுக்கு நடத்திக் கூட்டினு போனாரு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினேன். அண்ணாச்சி பெரிய மனதோடு உடனே மில்லைப் போட்டுவிட்டார்.

குரோம்பேட்டைக்குத் திரும்பிப் போய், ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் நட்டை இருந்த இடத்திலேயே தொங்கவிடும்படி டிங்கரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டினார். ரப்பரின் நீளம் ஒரு நூல் மாறிவிட்டது போலிருக்கிறது, அதற்கப்புறம் முப்பத்தெட்டிலேயே டக் என்று வந்தது. வண்டியை விற்கும்வரை நான் அதைச் சரிசெய்யவில்லை.